புதிய போன் வாங்கியதிலிருந்து தலைவலி: திரையின் மினுக்கம் காரணமாக இருக்குமா?

கேள்வியின் சுருக்கம் இது. பல ஆண்டுகளாக எல்.சி.டி. திரை கொண்ட போனைப் பயன்படுத்தி வந்த 42 வயதுக்காரர் ஒருவர், அண்மையில் அமோலெட் திரை கொண்ட போனுக்கு மாறியிருக்கிறார். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் படிக்கத் தொடங்கினால், அரை மணி நேரத்துக்குள் கண்கள் கனத்து, இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் வலி எடுக்கிறது. பகலில் ஒன்றும் இல்லை. கண் மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டுக் குறையொன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். வீட்டிலுள்ளவர்களோ, திரையில் எந்த மினுக்கமும் தெரியவில்லையே, எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். திரைதான் காரணமா, அப்படியானால் போனை மாற்றிவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

மனப்பிரமை என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். உங்களுடையதைப் போன்ற திரைகள் பல நொடிக்குச் சில நூறு முறை மங்கி ஒளிர்கின்றன என்பது கருவி வைத்து அளக்கக்கூடிய உண்மை. கண்ணுக்குத் தெரியாத அளவு வேகமான மினுக்கம் மனிதர்களுக்குத் தலைவலியைத் தரக்கூடும் என்பதும் முறையான சோதனையில் காட்டப்பட்ட செய்தி. ஆனால் உங்கள் தலைவலிக்குக் காரணம் அதுதானா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்விக்குப் போன் நிறுவனத்தின் விளம்பரத்திலோ அடுத்தவருடைய அனுபவத்திலோ விடை கிடைக்காது. உங்கள் வீட்டிலேயே, செலவில்லாமல், இரண்டு வாரத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். எல்.இ.டி. விளக்குகளுக்கான மின்சுற்றுகளை வடிவமைப்பது என் தொழில் என்பதால் மினுக்கத்தோடு எனக்கு அன்றாடப் பழக்கம் உண்டு. மருத்துவப் பக்கத்தில், எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய அளவுக்கு மேல் நான் போகப் போவதில்லை.

எல்.சி.டி. திரையில் படப்புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குதான் ஒளி தருகிறது. அமோலெட் என்று விற்கப்படும் ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒரு குட்டி விளக்கு. இந்தக் குட்டி விளக்குகளை மங்கலாக்க இரண்டு வழிகள் உண்டு. குழாயைப் பாதி மூடி நீரைக் குறைப்பதுபோல் மின்னோட்டத்தையே குறைப்பது ஒன்று. குழாயை முழுதாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, மொத்தத்தில் விழும் நீரைக் குறைப்பதுபோல் ஒளியை விட்டுவிட்டு எரியவைப்பது இன்னொன்று. முதல் வழிக்கு டி.சி. டிம்மிங் என்று பெயர். இரண்டாவதைச் சுருக்கமாகப் பி.டபிள்யூ.எம். என்பார்கள்.

விட்டுவிட்டு எரியவைக்கும் வழியை உற்பத்தியாளர்கள் விரும்பியதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மின்னோட்டத்தை மிகவும் குறைத்தால், பக்கத்துப் பக்கத்துப் படப்புள்ளிகளைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகள் வெளிப்பட்டுவிடும். சாம்பல் நிறப் பின்னணி திட்டுத்திட்டாகத் தெரியும். வெள்ளை பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயும். முழு மின்னோட்டத்தில் எரியவிட்டு, எரியும் நேரத்தை மட்டும் குறைத்தால் நிறம் மாறாது. எனவே படத்தின் தரத்தைக் காப்பாற்றச் செய்த ஏற்பாட்டின் விலையைச் சிலருடைய கண்கள் கொடுக்கின்றன என்பதே என் மதிப்பீடு.

எண்ணாகப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 240 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 240 முறை, துடிக்கும் திரையை எடுத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 4.2 மில்லிநொடி. வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தால், அந்த 4.2 மில்லிநொடியில் படப்புள்ளி எரிவது சுமார் 0.4 மில்லிநொடி மட்டுமே. மீதி நேரமெல்லாம் இருட்டு. முழுத் திரையும் ஒரே கணத்தில் அணைவதும் இல்லை; இருண்ட பட்டைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பை நோக்கி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளிச்சத்தைக் கூட்டினால் பட்டைகள் மெலியும், பல போன்களில் ஏறக்குறைய மறைந்தே போகும். குறைத்தால் தடிக்கும். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரவில் வெளிச்சத்தைக் கடைசிவரை இறக்குகிறோமே, அந்த நேரத்தில்தான் மினுக்கம் அதன் உச்சத்தில் இருக்கிறது. பகலில் ஒன்றும் செய்யாத போன் இரவில் வலி தருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதனோடு பொருந்துகிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று எப்படி வலிக்கும் என்பது உங்கள் வீட்டாரின் நியாயமான ஐயம். அசையாமல் ஒரு விளக்கை உற்றுப் பார்க்கும்போது, பெரும்பாலோருக்கு நொடிக்கு 50 முதல் 90 வரையிலான துடிப்புகளுக்கு மேல் ஒளி தொடர்ச்சியாகவே தெரியும். ஆனால் நாம் உணர்வது நின்றுபோன இடத்தில் கண்ணின் வேலையும் நின்றுபோவதில்லை. 100 ஹெர்ட்ஸுக்கு மேலான துடிப்புக்கும் விழித்திரை அதே தாளத்தில் மின் சமிக்ஞை எழுப்புவது பதிவாகியிருக்கிறது. பார்ப்பவருக்கு ஒளி சீராகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே அவருடைய விழித்திரை துடிப்புக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, படிக்கும்போது கண் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. ஒரு வரியின் மீது பார்வை வழுக்கிச் செல்வதில்லை. தத்தித் தத்திச் செல்கிறது. நொடிக்கு மூன்று நான்கு தாவல்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 முதல் 40 மில்லிநொடி. 30 மில்லிநொடி நீளும் ஒரு தாவலுக்குள் 240 ஹெர்ட்ஸ் திரை ஏழு முறை அணைந்து எரிந்துவிடும். தொடர்ந்து எரியும் ஒளியாக இருந்தால் அந்தத் தாவலின்போது விழித்திரையில் ஒரு மெல்லிய தீற்றல் விழும். விட்டுவிட்டு எரிந்தால் அதே பிம்பம் ஏழு துண்டுகளாக வரிசையில் விழுகிறது. இருட்டுச் சாலையில் முன்னே போகும் காரின் சிவப்பு விளக்கு, நாம் சட்டென்று பார்வையைத் திருப்பும்போது புள்ளிப் புள்ளியாகச் சிதறுவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒன்றுதான். இப்படிக் கண் தாவும்போது 1000 ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட மினுக்கத்தை மனிதர்களால் உணர முடிகிறது என்று ராபர்ட்ஸ், வில்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மேல் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று அடித்துச் சொல்பவர்கள், கண்ணைக் கட்டிப்போட்ட நிலையில் எடுத்த அளவைக் கொண்டு ஓடும் கண்ணுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இதே ஆர்னால்டு வில்கின்ஸும் அவருடைய சகாக்களும் 1989-ல் வெளியிட்ட ஆய்வை நான் சந்திக்கும் ஒவ்வொரு விளக்கு வடிவமைப்பாளரிடமும் சொல்வதுண்டு. இங்கிலாந்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நடந்தது அது. நம் வீடுகளில் சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்து எரிந்த பழைய ட்யூப்லைட் எல்லோருக்கும் நினைவிருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்த அலுவலகத்தில் அத்தகைய விளக்குகளின் துடிப்பு ஆழம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் ஒளி ஏறி இறங்கும் அளவு, 43 முதல் 49 விழுக்காடு. அவற்றுக்குப் பதிலாக, ஏறத்தாழ 32,000 ஹெர்ட்ஸில் இயங்கி அந்த ஆழத்தை 7 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கும் மின்னணு சோக்கை ஒரு பகுதிக் காலத்துக்குப் பொருத்தினார்கள். எப்போது எது எரிகிறது என்பது ஊழியர்களுக்கும் தெரியாது, பதிவு செய்தவர்களுக்கும் தெரியாது. விரைவு விளக்கின் கீழ் தலைவலியும் கண் சோர்வும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. அத்தோடு, யாரும் சொல்லாமலேயே ஊழியர்கள் அந்த விளக்குகளைச் சராசரியாக 30 விழுக்காடு கூடுதல் நேரம் எரியவிட்டிருந்தார்கள். உயரமான மாடிகளில், அதாவது பகல் வெளிச்சம் தாராளமாக வந்த அறைகளில், தலைவலி குறைவாக இருந்தது. கண்ணால் காண முடியாத 100 ஹெர்ட்ஸ் துடிப்பு மனிதரின் உடலில் ஒரு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஆய்வு ட்யூப்லைட்டைப் பற்றியது, போன் திரையைப் பற்றியது அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறை விளக்கு நம் முழுப் பார்வைப் பரப்பையும் நிறைக்கிறது. போன் அதில் ஒரு சிறு சதுரம். போனின் அதிர்வெண்ணும் 100-ஐவிட அதிகம். மறுபக்கம், இருட்டறையில் கண்மணி விரிந்திருக்கும்போது ஓரடித் தூரத்தில் பார்வையின் நடுமையத்தில் இருக்கும் ஒரே ஒளி அந்தச் சதுரம்தான், அதன் துடிப்பு ஆழமும் ட்யூப்லைட்டைவிட அதிகம். போன் திரைகளை வைத்து அதே கண்டிப்போடு நடத்தப்பட்ட பெரிய ஆய்வுகள் இன்னும் வராத நிலையில், எல்லோருக்கும் கெடுதி என்றும் சொல்லக்கூடாது, யாருக்கும் கெடுதி இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஒளி மீதும் துடிப்பு மீதும் கூச்சம் அதிகம் என்பது மட்டும் நன்கு நிறுவப்பட்ட செய்தி. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

வலிப்பு நோயோடு இதைக் குழப்பிக்கொண்டு சிலர் அஞ்சுகிறார்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரின் காட்சியைப் பார்த்த 600-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டது, சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னியதால். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு பெரும்பாலும் 3 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மின்னல்களால் வருவது. உங்கள் போனின் பிரச்சினை அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

அடுத்து, கடைகளில் சொல்லப்படும் ஹெர்ட்ஸ் கணக்கு. ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பு 2015-ல் எல்.இ.டி. விளக்குகளுக்காக 1789 என்ற எண்ணில் ஒரு பரிந்துரை ஆவணம் வெளியிட்டது. அதன் சாரம் எளிது: துடிப்பு எவ்வளவு ஆழமாக இருக்கலாம் என்பது அதிர்வெண்ணைப் பொறுத்தது. 90 ஹெர்ட்ஸுக்கு மேல், அதிர்வெண்ணை 0.08-ஆல் பெருக்கினால் வரும் விழுக்காட்டுக்குள் ஆழம் இருந்தால் ஆபத்து குறைவு. 240 ஹெர்ட்ஸுக்கு இந்த எல்லை 19.2 விழுக்காடு, 480-க்கு 38.4. முழுதாக அணைந்து எரியும் திரையின் ஆழமோ 100 விழுக்காடு. அவ்வளவு ஆழம் அனுமதிக்கப்பட வேண்டுமானால் அதிர்வெண் 1250-ஐத் தாண்ட வேண்டும். எந்த விளைவும் இராது என்று சொல்ல வேண்டுமானால் 3000-ஐத் தாண்ட வேண்டும். விளக்குக்கான கணக்கு என்றாலும், போன் திரையை மதிப்பிட நம் கையில் இருக்கும் அளவுகோல்களில் இது பயனுள்ளது.

இந்த அளவுகோலை வைத்துச் சந்தையைப் பாருங்கள். ஐபோன் வரிசையில் ஓ.எல்.இ.டி. திரை 2017-ல் ஐபோன் எக்ஸ் மாடலோடு வந்தது. அதன் துடிப்பு சுமார் 240 ஹெர்ட்ஸ், பின்னால் வந்த பல மாடல்களில் 480. சாம்சங்கின் கேலக்ஸி போன்கள் பலவற்றில் நெடுங்காலம் 240 அளவிலேயே இருந்தது. சீன நிறுவனங்கள்தான் இதை விற்பனைக் காரணமாக மாற்றி, 1920, 2160 என்று ஏறி, ஹானர் 3840, 4320 வரை கொண்டுபோனது. இந்தப் போட்டி நுகர்வோருக்கு உண்மையில் நன்மை செய்திருக்கிறது. ஆனாலும் பெட்டியின் மேல் அச்சிட்ட ஒற்றை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். சில போன்களில் அந்த உயர் அதிர்வெண் குறிப்பிட்ட வெளிச்ச அளவுக்குக் கீழே மட்டுமே செயல்படும். மேலே வேறு முறை. டி.சி. டிம்மிங்கிலும்கூட, திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒளியில் சிறு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் ஆழமற்றது என்பதால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. எண்ணையும் ஆழத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். 120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே என்று விற்பனையாளர் சொல்வது படம் புதுப்பிக்கப்படும் வேகத்தை. அதற்கும் இங்கே பேசும் துடிப்புக்கும் நேர்த் தொடர்பு இல்லை.

உங்கள் போன் எந்த வகை என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கேமராவில் ப்ரோ மோட் அல்லது மேனுவல் மோட் உள்ள இன்னொரு போனை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஷட்டர் வேகத்தை நொடியில் 4000-ல் ஒரு பங்கு என்று வையுங்கள். படம் மிகவும் இருண்டால், கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துங்கள். உங்கள் போனில் எழுத்தே இல்லாத வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, கேமரா வழியே பாருங்கள். திரை சீராகவோ மெல்லிய கோடுகளோடோ தெரியும். இப்போது வெளிச்சத்தை மெல்ல இறக்குங்கள். பி.டபிள்யூ.எம். திரையாக இருந்தால், ஓர் இடத்தில் கறுப்புப் பட்டைகள் முளைத்து, இறக்க இறக்க அகன்று, கடைசியில் வெள்ளைப் பகுதியே மெல்லிய கீற்றுகளாகச் சுருங்கிவிடும். பட்டைகள் மைக்கறுப்பாக இருந்தால் ஆழம் அதிகம். வெளிர் சாம்பலாக இருந்தால் குறைவு. நான்கைந்து தடித்த பட்டைகள் மட்டும் தெரிந்தால் அதிர்வெண் குறைவு. சீப்புப் பற்கள்போல நெருக்கமாக நிறையத் தெரிந்தால் அதிகம். பட்டைகள் எந்த இடத்தில் கறுக்கத் தொடங்குகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இனி இறங்கக் கூடாத எல்லை அது. பழைய எல்.சி.டி. போன் கையிலிருந்தால் அதையும் இதேபோல் பாருங்கள். எல்.சி.டி. என்றாலே மினுக்கம் இல்லை என்று பொருளல்ல. அவற்றிலும் சில பின்விளக்கைத் துடிக்கவிட்டே மங்கலாக்குகின்றன.

அதே கேமராவைத் தூக்கிப் படுக்கையறை விளக்கையும் பாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவற்றில், மின்சாரத்தைச் சீராக்க வேண்டிய மின்தேக்கியைச் சிறிதாக்கியோ நீக்கியோ செலவைக் குறைத்திருப்பார்கள். அவை பழைய ட்யூப்லைட்டைவிட ஆழமாக 100 ஹெர்ட்ஸில் துடிக்கும், வில்கின்ஸ் ஆய்வில் தலைவலி தந்த அதே 100 ஹெர்ட்ஸில். போன் மாற்றிய அதே மாதத்தில் பல்பும் மாறியிருந்தால் பழி யார் மேல் என்று சொல்வது கடினம்.

பட்டைகள் தெரிந்துவிட்டதாலேயே வழக்கு முடிந்துவிடாது. அந்தப் பட்டைகள் கோடிக்கணக்கானவர்களின் போன்களில் உள்ளன, பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. உங்களுக்கு ஆகிறதா என்று பார்க்க, வில்கின்ஸ் செய்ததை வீட்டளவில் செய்யுங்கள். உங்கள் போனின் டிஸ்ப்ளே அமைப்புகளில் டி.சி. டிம்மிங், ஆன்டி ஃப்ளிக்கர், ஃப்ளிக்கர் ப்ரிவென்ஷன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஷாவ்மி, ஒன்ப்ளஸ், மோட்டோரோலா போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் உண்டு. ஐபோன் 17 வரிசையில் டிஸ்ப்ளே பல்ஸ் ஸ்மூத்திங் என்ற பெயரில் இருக்கிறது. தானியங்கி வெளிச்சத்தை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தை நடுத்தர அளவில் நிலையாக வையுங்கள். பிறகு வீட்டில் ஒருவரிடம் போனைக் கொடுத்து, ஒவ்வொரு மாலையும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் அந்த வசதியை இயக்கியும் பூ விழுந்தால் நிறுத்தியும் வைத்து, தம் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் அமைப்புகள் பக்கமே போகாமல், வழக்கமான நேரத்தில், வழக்கமான தூரத்தில், அதே எழுத்தளவில் படித்துவிட்டு, தூங்கும் முன் வலிக்குச் சுழியிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து இரு நோட்டுகளையும் அருகருகே விரியுங்கள்.

உங்களை மனப்பிரமைக்காரர் என்று சொன்னவரே நாணயம் சுண்டுபவராக இருப்பது நல்லது. முடிவு எதுவானாலும் அதன்பின் வீட்டில் வாதமே இராது. மினுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது இங்கே உங்களுக்குச் சாதகம். எது இயங்குகிறது என்று நீங்கள் ஊகிக்க முடியாது. மிகக் குறைந்த வெளிச்சத்தில் டி.சி. டிம்மிங் நிறத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் நடுத்தர வெளிச்சத்தில் வைக்கச் சொன்னேன். கேமராவில் பார்த்தபோது அந்த அளவில் பட்டைகளே இல்லையென்றால் பட்டை தெரியும் அளவுக்குச் சற்று இறக்கிக்கொள்ளுங்கள். கடையில் பத்து நிமிடம் பார்த்து முடிவெடுப்பதை நான் பரிந்துரைக்காததன் காரணமும் இதுவே: காட்சிக்கு வைத்த போன்கள் முழு வெளிச்சத்தில் இருக்கும், வலியோ தாமதமாக வரும்.

போனில் அந்த வசதியே இல்லையென்றால் வேறு வழி உண்டு. ஐபோனில் ஆக்சஸிபிலிட்டி பகுதியில் ரெட்யூஸ் வைட் பாயிண்ட், 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் எக்ஸ்ட்ரா டிம் என்ற அமைப்புகள் இருக்கின்றன. இவை வெள்ளையின் செறிவையே குறைப்பதால், வெளிச்ச ஸ்லைடரை உயரத்தில் வைத்துக்கொண்டே திரையை மங்கலாகப் பார்க்கலாம். ஸ்லைடர் உயரத்தில் இருப்பதால் இருண்ட பட்டைகள் மெலிந்திருக்கும். சோதனைக்கும் இதையே பயன்படுத்தலாம், அன்றாடப் பழக்கமாகவும் வைத்துக்கொள்ளலாம். இதோடு, படிக்கும்போது அறையில் துடிப்பில்லாத ஒரு மெல்லிய விளக்கை எரியவிடுங்கள். அறை முழு இருட்டாக இல்லாவிட்டால் திரையைக் கடைசிவரை இறக்க வேண்டிய தேவையே எழாது. எனக்கு ஒரே ஓர் அறிவுரை சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன்.

நீல ஒளிக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு, 17 சோதனைகளை வைத்து 2023-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு சொன்னது. போனில் உள்ள மஞ்சள் வடிகட்டியும் நிறத்தைத்தான் மாற்றுகிறது, துடிப்பை அல்ல. டார்க் மோடில் ஒளிரும் பரப்பு குறைவதால் கண்ணில் விழும் மினுங்கும் ஒளியும் குறையும் என்பது உண்மை. ஆனால் கருவிழியின் வளைவு சீராக இல்லாத உருளைப்பிறழ்ச்சி (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கலங்கித் தெரிந்து புதுச் சிரமம் தரலாம்.

சோதனையில் இரண்டு வகை நாட்களுக்கும் வேறுபாடே இல்லையென்றால் அதையும் மனமாற ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போது தேட வேண்டிய காரணங்கள் பல இருக்கின்றன. உங்கள் வயது 42. கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பது சிரமமாகத் தொடங்கும் வயது இதுதான். தூரத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் மட்டும் சோதிக்கப்பட்டிருந்தால், நீங்கள் போன் பிடிக்கும் தூரத்தில் கண் எவ்வளவு பாடுபடுகிறது என்பது அந்தச் சோதனையில் வந்திருக்காது. புத்தகத்தைவிடப் போனை நெருக்கமாகப் பிடிக்கிறோம், எழுத்தோ சிறியது. மருத்துவரிடம் மறுபடி போகும்போது, கிட்டத்தில் பார்க்கும் திறனையும் இரு கண்களும் உள்நோக்கிச் சேர்ந்து குவிவதையும் சோதிக்குமாறு குறிப்பாகக் கேளுங்கள்; குறையில்லை என்ற பொதுவான விடையோடு திரும்பி வராதீர்கள். அடுத்தது கண் உலர்வு. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கும் நாம், திரையில் ஆழ்ந்துவிட்டால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. அதற்கு மேல் ஏ.சி.யோ மின்விசிறியோ நேராக முகத்தில் அடித்தால் கண் எரிந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். எரிச்சலும் உறுத்தலும் முன்னே நின்றால் உலர்வையும், பொட்டில் வலியும் குமட்டலும் முன்னே நின்றால் துடிப்பையோ ஒற்றைத் தலைவலியையோ முதலில் சந்தேகிப்பேன். படுக்கையில் ஒருக்களித்துப் படுத்து ஒரு பக்கக் கழுத்தை மடக்கிப் படிப்பதாலேயே பொட்டில் வலி வருபவர்களும் உண்டு. பழைய போனிலும் அப்படித்தான் படித்தீர்கள், அப்போது வலிக்கவில்லை என்றால் அந்தக் காரணம் வலுவிழக்கிறது.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தச் சோதனைகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: இதுவரை கண்டிராத கடுமையில் திடீரென்று வெடிக்கும் தலைவலி, கண்வலியோடு விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிவது, பார்வை மங்குவது அல்லது இரட்டையாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது. இவற்றுக்கும் போன் திரைக்கும் தொடர்பில்லை.

போனை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதே விற்க வேண்டாம். முதல் வாரம் கேமராவில் பார்த்து, அறை விளக்கைச் சரிசெய்து, வைட் பாயிண்ட் அல்லது எக்ஸ்ட்ரா டிம் வழியைக் கையாளுங்கள்; பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது. வலி தொடர்ந்தால் நாணயச் சோதனையைச் செய்யுங்கள். அதிலும் மினுக்கம்தான் என்று உறுதியானால் மாற்றுவதில் தயக்கம் வேண்டாம், நாள்தோறும் வலியோடு படுப்பதற்கு எந்தப் போனும் தகுதியானது அல்ல. அப்போது, நோட்புக்செக் போன்ற தளங்கள் தங்கள் மதிப்பாய்வுகளில் துடிப்பின் அதிர்வெண்ணை அளந்து வெளியிடுவதைப் படித்து, 3000 ஹெர்ட்ஸுக்கு மேல் துடிக்கும் அல்லது டி.சி. டிம்மிங் உள்ள இரண்டு மூன்று மாடல்களைத் தேர்ந்துகொண்டு கடைக்குப் போங்கள். காட்சிப் போனின் வெளிச்சத்தை நீங்களே கால்வாசிக்கு இறக்கி, வெள்ளைப் பக்கம் திறந்து, உங்கள் கேமராவில் பட்டைகளைப் பார்த்துவிட்டு, திருப்பித் தரும் காலம் எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய எல்.சி.டி. போனை, புதியது ஒத்துக்கொள்கிறது என்று தெரியும்வரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.